சுடலைக்கு ஒரு சேதி

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலை,

நலம்தானே? ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று நீ திட்டியது சாமுவேல் வழியாக வந்து சேர்ந்தது. இன்னும் திட்டு, ஆனால் முதலில் இதைக் கேள். எங்கள் புரதம் ஒளிர்ந்துவிட்டது லே!

மூளையில் செய்தி கடத்தும் டோபமைனைக் காட்டிக்கொடுக்கும் சென்சார் செய்கிறோம் என்று ஆனித் தேரில் சொன்னேனே, வடம் இழுக்கிற கூச்சலில் நீ பாதிதான் கேட்டாய். ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோமுரா 1962இல் ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதம்தான் இதற்கு அடிப்படை. 238 அமினோ அமிலம், பீப்பாய் வடிவம், ஒளிரும் பகுதி அதன் நடுவில். அதை ஓரிடத்தில் வெட்டித் திறந்து, டோபமைனைப் பிடிக்கும் ஏற்பி என்ற புரதத்துக்குள் செருக வேண்டும். டோபமைன் ஒட்டினால் ஏற்பி வளையும், அந்த அசைவில் வெளிச்சம் கூடும். 2018இலேயே டிலைட், கிராப் என்ற சென்சார்கள் வந்துவிட்டன. செல்லை அரைத்துப் பார்க்க வேண்டியதில்லை, உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். இன்னும் குறைந்த அளவையும் காட்டும் ஒன்றுக்காகத்தான் எங்கள் பாடெல்லாம்.

பச்சை ஏறியதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அமிலத்தன்மை மாறினாலும் இந்தப் பச்சை ஏறி இறங்கும். அதனால் டோபமைன் ஒட்டவே முடியாதபடி மாற்றிய சென்சாரையும் சோதித்தோம். அது அசையவில்லை. ஏற்பியை அடைக்கும் மருந்தை விட்டதும் எங்களுடையது மங்கியது. அன்று இரவு தூங்கவே இல்லை.

சரி, இதையும் சொல்ல வேண்டும். லீவில் வந்ததும் அம்பை போய் அத்தையைப் பார்த்தேன். கை நடுக்கம் கூடியிருக்கிறது. “உன் வெளிச்சம் எனக்கு மருந்தாகுமாடே?” என்று கேட்டார்கள். இல்லை அத்தை, மருந்து தேடுகிறவர்களுக்குக் கண் மாதிரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு முறுக்கை என் பக்கம் நகர்த்தினார்கள். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைவதால் வரும் பார்க்கின்சன் நோய் என்று எனக்குப் பாடமாகத் தெரியும் சுடலை. அத்தையின் கையில் பார்த்தபோது என்னால் பேச முடியவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே போடுகிறார்கள். அது லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து. பருப்பு, முட்டை, பால் எல்லாம் அதை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கலாம். எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் நீயே பேசு. போனில் வேண்டாம், நேரில் கூட்டிக்கொண்டு போ. நான் அடுத்த வாரம்வரை இங்கேதான் இருக்கிறேன், அதற்குள் வந்து சேர்.

இசக்கி