சோயா வற்றல் குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த மார்கழியில் எமது கடையில் பொதி செய்து விற்ற சோயா வற்றலில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டதென உங்களிற் சிலர் கொண்டுவந்து காட்டினீர்கள். பிழை எம்முடையதே. மழை விட்ட இரண்டு நாள் வெயிலை நம்பி முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்தோம்; துண்டுகளின் மேற்புறம் விறைத்திருந்ததால் உள்ளே ஈரம் நின்றதைக் கவனிக்கத் தவறினோம்.

இந்த வற்றலைச் செய்யும் சோயா மீற் என்பது எண்ணெய் நீக்கிய சோயா மாவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் நார்த்தன்மையுள்ள துண்டுகளாக்கிய பண்டம். உலர்ந்த நிலையில் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். பொதிக்குள் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதால், ஊறவைத்துப் பிழிந்த பின்னரும் அது அப்படியே இருக்குமென்று பலர் எண்ணுகிறார்கள். நனைந்த சோயா, சமைத்த கறியைப் போல வெளியில் வைத்தால் விரைவில் பழுதாகும். இறைச்சி வற்றலுக்கே, காயவைக்குமுன் மாட்டிறைச்சி 71 பாகை செல்சியசுக்கும் கோழியிறைச்சி 74 பாகைக்கும் சூடேற வேண்டுமென அமெரிக்க விவசாயத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. வெறும் வெயிலில் அந்தச் சூடு கிடைப்பதில்லை.

ஆகவே வீட்டில் செய்வோர் தட்டையான துண்டுகளாகத் தெரிந்தெடுத்து, கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பச்சை வாசம் போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். பழப்புளிக் கரைசல், உப்பு, மிளகாய்த்தூள், மிளகு, இடித்த உள்ளி, சிறிது சீனி ஆகியவற்றுடன் அடுப்பில் வைத்து, சாறு வற்றும்வரை கொதிக்க விடுங்கள். பின்னர் அவணில் 60 முதல் 70 பாகையில், கதவைச் சற்றே திறந்துவைத்து, இடையிடையே புரட்டிக் காயவையுங்கள். ஆறிய துண்டொன்றை வளைத்தால் நார் பிரிய வேண்டும். விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி ஒரு நாள் பாருங்கள்: உட்புறம் நீராவி படிந்தால் திரும்பவும் அவணுக்குள் போக வேண்டியதுதான். படியாவிட்டாலும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே எமது விருப்பம்.

தேங்காய்ப்பால் விட்டால் ருசி கூடுமே என்று கேட்கிறீர்கள். கூடும், ஆனால் கொழுப்பு காய்வதில்லை, நாள்பட்டால் சிக்கு வாசம் எடுக்கும். உறைநிலையில் வரும் தாவர இறைச்சி வட்டங்களில் தேங்காயெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ பெரும்பாலும் சேர்ந்திருப்பதால் அவையும் வற்றலுக்கு உதவா. பலாப்பிஞ்சு நன்றாகக் காயும், நாரும் இறைச்சியைப் போலவே பிரியும். புரதம் மட்டும் மிகக் குறைவு. சோயா ஒவ்வாதவர்களுக்கு நாம் அதையே கொடுக்கிறோம்.

மரை என்னும் பெரிய மானின் வற்றல் இருக்கிறதா என்று இரகசியமாக விசாரிப்போருக்கும் ஒரு வார்த்தை: இல்லை, இருக்கவும் மாட்டாது. அது சட்டப்படி குற்றம்; மேலும், பேருந்து நிலையத்தடியில் மான்கள் நம்மோடு சேர்ந்து நிழலுக்கு ஒதுங்கும் ஊர் இது.

மார்கழிப் பொதி கையிலிருந்தால், திறந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். பணம் திருப்பித் தரப்படும். இனி ஐப்பசி முதல் தை வரை நாம் வற்றல் விற்கப்போவதில்லை. காய்ந்த சோயாவும் அரைத்த தூளும் வழமைபோலக் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருகோணமலை