கூட்டத்துக்குப் போனால் ஒரு பெயர் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு பதிப்பில், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் அரசியல் பிரதிநிதித்துவம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாராளுமன்றத்தில் எத்தனை ஆசனங்கள், மாகாண சபைத் தேர்தல் வந்தால் யாருடன் யார் கூட்டுச் சேர வேண்டும் என்றெல்லாம் கட்டுரையாளர் விரிவாக எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றி ஓரிடத்தில்தான் பேச்சு வருகிறது. சம்பளப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டதால் இனி அரசியலைக் கவனிக்கலாம் என்கிறார். அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கடிதம்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பிராவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், மாலையில் கொழுந்து நிறுத்த கையோடு வந்து தூக்கிப் போவார்கள். சாதாரண தரம் வரை படித்தவள் என்பதால் சம்பளச் சீட்டையும் என்னிடமே நீட்டுவார்கள். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். அதிலுள்ள எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்பதைத் தோட்டக் காரியாலயத்தில் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சீட்டு வாசிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

சம்பள நிர்ணய சபை மூலம் நாட்கூலி 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய், 2026 ஜனவரி முதல் கம்பனி தருவது 1550, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவு 200, ஆக 1750 ரூபாய். இந்த உயர்வுகளை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். 2018 ஒக்டோபரில் எங்கள் பிள்ளைகள் கறுப்பு உடையுடன் காலிமுகத்திடலில் திரண்டு நின்று ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். எந்தத் தலைவரும் அழைத்து அவர்கள் வரவில்லை. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்பவர்கள், தாயின் கூலிக்காகத் தாங்களாகவே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக் கூடினார்கள். இன்றைய 1750இல் அந்தப் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது.

ஆனால் 1750 என்பது முழுப்பெயர், அதாவது முழு நாள் வேலையாகப் பதிவு, விழுந்த நாளின் கணக்கு. நிர்வாகம் சொல்லும் கிலோவை எடுத்தால்தான் முழுப்பெயர், இல்லாவிட்டால் அரைப்பெயர், அரை நாள் கூலிதான். புல் வெட்டாமல், கிழட்டுச் செடியைப் பிடுங்கி மறுபடி நடாமல், காடாக விட்ட மலையில் அந்தக் கிலோவுக்கு எங்கே போவது? செடியைப் பராமரிக்காதது பறிப்பவளின் குற்றமா? அதற்கு மேல் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறுவையில் கழிவு வேறு. சம்பளம் தீர்மானமாவது கொழும்பில் என்று பத்திரிகை வாசிப்பவர்கள் நினைப்பார்கள். அதில் ஒரு பாதி தினமும் தராசடியில் தீர்மானமாகிறது.

எங்கள் பெண்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். ஆளுக்கொரு சின்னக் கொப்பி வாங்கினார்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் தராசு காட்டிய கிலோ, கழித்த கிலோ, செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவேட்டில் எழுதிய கிலோ என்று அன்றன்றே குறித்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுத்தார்கள். மாத முடிவில் உயர்தரம் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் கூட்டிப் பார்த்து, சீட்டோடு ஒப்பிட்டார்கள். ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த நாள் அவளுக்குப் பறிக்க மோசமான செடி வரிசை (நிரை) கிடைக்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே ஒரு நாள் காலை பிரட்டுக் களத்தில் எல்லோரும் கொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கோஷம் போடவில்லை, வேலைக்குப் போகமாட்டோம் என்றும் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு மலைக்குப் போகிறோம் என்றார்கள். அதன் பிறகு கழிவு குறைந்தது. அரைப்பெயர் என்றால் அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதற்கும் நிர்வாகம் உடன்பட்டது.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. சங்கம் இருக்கும்போது கொப்பி எதற்கு என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் சந்தாவில் பெரும்பகுதி பெண்களின் கூலியிலிருந்துதான் வெட்டப்படுகிறது. மாதர் தலைவி என்று ஒருவர் இருக்கிறார். மே தினத்துக்குப் பெண்களைத் திரட்டுவது அவர் பொறுப்பு, தோட்ட முகாமையாளரான துரையோடு சம்பளம் பேசப் போகும்போது அவரைக் கூப்பிடுவதில்லை. மலையகத்தில் சங்கம்தான் கட்சி. தோட்டக் கமிட்டியில் இடமில்லாத பெண் வேட்பாளர் பட்டியலில் எப்படி வருவாள்? உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்ற சட்டம் 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த இடங்களுக்கு யாரை அனுப்புவது என்பதை மேலே இருப்பவர்களே முடிவு செய்தால், கொழுந்து நிறுத்துப் பழகிய ஒருத்தி அங்கே போய்ச் சேருவது அபூர்வம்தான்.

வாக்கையும் கூலியையும் வேறு வேறாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதை ஒட்டி வந்த வாக்குரிமைத் திருத்தமும் எங்கள் மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952இல் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. என் தாயார் இந்த மண்ணில் பிறந்து இந்த மலையிலேயே பறித்து, தலை நரைத்த பிறகு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிரஜையானார். எங்கள் மக்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் தங்கியவர்களில் அவரும் ஒருவர். வாக்கில்லாத காலம் முழுவதும் அவருடைய கூலிக்காக எந்த வேட்பாளரும் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துப் படி ஏறத் தேவையிருக்கவில்லை.

வாக்கு வந்த பிறகும் இன்னொரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க வழியிருக்கவில்லை. வாக்குக் கேட்க லயத்துக்கு வந்த உறுப்பினரால், வென்ற பிறகு அதே லயத்தின் முன்னால் ஒரு கான் (வடிகால்) வெட்டிக்கொடுக்க முடியவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஒரே சபையாக இருந்த அம்பகமுவவும் அந்தக் காலத்தில்தான் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாயின. நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் வந்தன. இதற்காகப் பல ஆண்டுகள் மனு எழுதி, வழியில் நின்று கேட்டவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இப்போது எங்கள் பெண்களில் சிலர் சபையின் மாதக் கூட்டத்தைப் போய்ப் பார்க்க விரும்புகிறார்கள். லயத்துக் கூரை, குடிநீர்க் குழாய், ஏழு பேர்ச்சஸ் காணிக்கு இன்னும் கைக்கு வராத உறுதிப் பத்திரம் என்று அவர்களுக்குக் கேட்க நிறைய இருக்கிறது. கூட்டம் வேலை நாளில், பகலில் நடக்கிறது. போனால் ஒரு பெயர் போகும், அந்த நாளின் வரவுக் கொடுப்பனவும் போகும், பஸ் காசு வேறு. ஒரு தாய் 1750 ரூபாயை விட்டுவிட்டுத்தான் தன் பிரதிநிதி பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால், அந்தக் கதிரைகள் யாருக்காகப் போடப்பட்டிருக்கின்றன? இந்த நிலையில் அவளே வேட்பாளராக நிற்பதை எண்ணிப் பார்க்க முடியுமா? சம்பளம் தீர்ந்துவிட்டது, இனி அரசியல் என்று கட்டுரையாளர் எழுதியது எனக்கு வலித்ததற்குக் காரணம் இதுதான்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ, கொழுந்து நிறுத்த பின் மாலையிலோ வைக்கும்படி பிரதேச சபைக்கு மனு எழுதிக் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். தோட்டக் கமிட்டியைப் பிரட்டுக் களத்தில் பெட்டி வைத்து, சந்தா கட்டும் ஒவ்வொருவரும் சீட்டுப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும், அதில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்று சங்கத்துக்கும் எழுதியிருக்கிறோம். சம்பளச் சீட்டைத் தமிழில் தருமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். தங்கள் நிருபர் அட்டன் பக்கம் வரும்போது இந்த மூன்று இடங்களிலும் விசாரித்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். மற்றத் தோட்டங்களில் இதுபோல் கொப்பி எழுதுபவர்கள் இருந்தால், அவர்களும் தங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும். தொடர்புகொள்ள ஆவலாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிள்ளைப் பராமரிப்பாளர்,
பொகவந்தலாவை.