வியட்நாம் – பிரெஞ்சு உணவு நேற்றுப் பிறந்த புதுமை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான உணவகக் கட்டுரையை இருமுறை படித்தேன். வியட்நாமிய உணவையும் பிரெஞ்சு உணவையும் சேர்த்துப் பரிமாறும் சிறு உணவகங்களை அறிமுகப்படுத்திய அந்தக் கட்டுரை அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால், அந்தச் சமையல் முழுவதையும் ‘ஃபியூஷன்’ (கலப்புச் சமையல்) என்ற ஒரே சொல்லில் அடக்கி, வெளிநாட்டில் பயின்ற இளம் சமையல் கலைஞர்கள் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சமையலுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை உருவாக்கி வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெயர் பதிவாகாத வீட்டுப் பெண்களும் குசினிக்காரர்கள் எனப்படும் சமையற்காரர்களும்தான் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த அக்டோபரில் பாரிஸ் புறநகரில் வசிக்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் மாலை அவன் என்னை 13ஆம் வட்டாரத்தின் பக்கத் தெரு ஒன்றில் இருந்த பிஸ்த்ரோ என்னும் சிறு உணவகத்துக்கு அழைத்துச் சென்றான். 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்த பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பெருமளவில் குடியேறிய பகுதி அது. உள்ளே எட்டே மேசைகள். இரண்டு மேசைகளுக்கு நடுவே உடலைத் திருப்பிக்கொண்டுதான் நடக்க முடியும். அச்சிட்ட பட்டியல் கிடையாது. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, அதை ஒரு நாற்காலியில் சாய்த்து, மேசைக்கு மேசை நகர்த்திக்கொண்டு வந்தார் கடையை நடத்தும் அம்மையார். அறுபதைக் கடந்தவர். உள்ளே சமைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி. ஒவ்வொரு பண்டத்துக்கும் வியட்நாமியப் பெயர் மேலே பெரிய எழுத்திலும், பிரெஞ்சு விளக்கம் அதன் கீழே சிறிய எழுத்திலும் இருந்தன. அந்த முறை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

முதலில் வந்தது நண்டுச் சதையும் ஆஸ்பரகஸ் தண்டும் சேர்த்து, முட்டையை நூல் நூலாக ஊற்றிக் கெட்டிப்படுத்திய சூப். ஆஸ்பரகஸுக்கு வியட்நாமிய மொழியில் ‘மாங் தேய்’ என்று பெயர். மாங் என்றால் மூங்கில் குருத்து, தேய் என்றால் மேற்கு. மேற்கிலிருந்து வந்த மூங்கில் குருத்து என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் அவர்களுக்கு அப்படியே மேற்கத்திக் கிழங்கு, மேற்கத்தி வெங்காயம். சீமைக் கத்தரிக்காய், சீமைப்பலா, சீமையெண்ணெய் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் உதகையை உண்டாக்கியதுபோல் பிரெஞ்சுக்காரர்கள் டா லாட் என்ற மலைநகரை உண்டாக்கினார்கள். மருத்துவ ஆய்வாளர் அலெக்சாந்தர் யெர்சின் 1893இல் அந்தப் பீடபூமியைச் சென்று பார்த்தபின் தொடங்கிய கதை அது. அங்கே போட்ட காய்கறித் தோட்டங்கள் நாளடைவில் வியட்நாமியரின் அன்றாடச் சந்தைக்கே காய் அனுப்பத் தொடங்கின. வந்த பொருளுக்கு உள்ளூர்க்காரர்கள் தங்கள் பெயரை வைத்து, தங்கள் சட்டியில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து வந்த வாத்துக் கறிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஆரஞ்சுச் சாறு சேர்த்த வாத்து பிரெஞ்சுச் சமையலில் புகழ்பெற்ற பண்டம். அங்கே வாத்தை முழுதாக ஓவன் என்னும் மூடிய சூட்டடுப்பில் வாட்டி, சர்க்கரையையும் காடியையும் காய்ச்சிய பாகில் ஆரஞ்சுச் சாற்றைச் சேர்த்துக் குழம்பாக ஊற்றுவார்கள். அக்கால வியட்நாமிய வீட்டில் கரியடுப்பு இருந்தது, ஓவன் கிடையாது. ஆகவே வாத்தைத் துண்டுகளாக வெட்டி, பூண்டும் அன்னாசிப்பூவும் நுக் மாம் என்னும் மீன்சாறும் தடவி ஊறவைத்து, சிவக்க வறுத்து, ஆரஞ்சுச் சாற்றில் மெதுவாக வேகவிட்டார்கள். பெயர் ‘வீட் நவ் காம்’. வாத்தை ஆரஞ்சில் சமைத்தது என்பதற்கு மேல் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. அன்று என் தட்டில் இருந்த துண்டில் தோல் கருஞ்சிவப்பாக மின்னியது. சதை எலும்பை விட்டுத் தானாகவே விலகியது. முதலில் இனிப்பும் பிறகு புளிப்பும் வந்து, கடைசியில் மீன்சாற்றின் உவர்ப்பு நாவின் ஓரத்தில் நின்றது. குழம்பை வழிக்க ஒரு துண்டு பிரெஞ்சு ரொட்டி. எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று அந்தத் தட்டில் கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது.

ரொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோதுமை விளையாத நாட்டுக்கு மாவு கப்பலில் வந்தது. ரொட்டி முதலில் துரைமார் வீட்டுப் பண்டமாகவே இருந்தது. அதை நீளவாக்கில் கீறி, ஈரல் விழுதும் ஊறவைத்த கேரட், முள்ளங்கியும் கொத்தமல்லித் தழையும் பச்சைமிளகாயும் திணித்து, கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற ‘பான் மீ’யாக ஆக்கியது 1950களின் சைகோன் தெரு. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களில் சிலர் பிழைப்புக்காகத் தொடங்கிய கடைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. காப்பியில் கட்டிப்பால் ஊற்றும் வழக்கமும் அப்படித்தான்: வெப்பநாட்டில் பசும்பால் அரிதாக இருந்தது, டின் பால் கெடாமல் இருந்தது.

நான் புதுச்சேரியிலிருந்து வருகிறேன் என்று மகன் சொன்னதும், அந்த அம்மையார் கரும்பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்களுடைய ‘கா ரி கா’ என்னும் கோழிக்கறியைப் பற்றிக் கேட்டேன். எலுமிச்சைப்புல்லும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டு, மஞ்சள் நிறத்தில் தண்ணீராக இருக்கும். அதையும் பெரும்பாலும் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். சைகோனில் பென் தான் சந்தைக்கு அருகே இருக்கும் மாரியம்மன் கோயிலின் பக்கத்தில் இந்தியர் ஒருவர் கடையில்தான் தன் தாயார் கறித்தூள் வாங்குவார் என்றும், கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டே கடைக்குப் போவார் என்றும் அவர் சொன்னார். பெயரே நம்முடையது, ஆசிரியர் அவர்களே. கறி என்ற நம் சொல்தான் ஆறு தொனியுள்ள ஒரு மொழிக்குள் போய்க் கா ரி ஆனது. அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. இன்று அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.

தமிழர்கள் அங்கே போன காரணம் நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. பிரெஞ்சுப் படை 1859இல் சைகோனைப் பிடித்தது. அதன்பின் நகரத்தார் வட்டித்தொழிலுக்குப் போனார்கள். சாதி, சமய வழக்கப்படியான தனிச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமக்களாக ஆவதற்கு 1881இன் ஆணை வழிசெய்தபின், புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றிலிருந்து எழுத்தர்களும் காவலர்களும் படைவீரர்களும் வரித்துறை ஊழியர்களும் போனார்கள். என் தாத்தா அப்படிப் போனவர்களில் ஒருவர்; சுங்கத்துறை எழுத்தர். பாட்டி வியட்நாமியப் பெண். தந்தையின் தாயை அம்மொழியில் ‘பா நொய்’ என்பார்கள். நாங்களும் அப்படியேதான் அழைத்தோம்.

பாட்டியின் ஊர் ஃபான் தியெட். நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டிகளில் அடுக்கி, ஓர் ஆண்டு வரை விட்டு, அடியில் சொட்டும் தெளிவை இறக்கும் மீன்சாற்றுத் தொழிலுக்குப் பெயர்போன கடற்கரை ஊர். அவருடைய தந்தையும் அந்தத் தொழில்தான் செய்தார். பால் டூமெர் என்பவர் 1897 முதல் 1902 வரை, வியட்நாமை உள்ளடக்கிய பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான இந்தோசீனத்தின் தலைமை ஆளுநராக இருந்தபோது உப்பு, சாராயம், அபினி ஆகிய மூன்றும் அரசின் ஏகபோகமாக இறுக்கப்பட்டன. உப்பு விலை ஏறினால் மீன்சாறு இறக்குபவன் என்ன ஆவான் என்பதை, 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களின் மண்ணில் பிறந்த நாம் சொல்லாமலே அறிவோம். என் தாத்தா வேலை பார்த்த துறைதான் அந்த உப்பு வரியை வசூலித்தது. மாமனார் வீட்டின் உப்புக்கு வரி எழுதிய பேனாவும் அந்த வீட்டு மீன்சாற்றில் தோய்ந்த சோறும் எங்கள் குடும்பத்தில் ஒரே கையில்தான் இருந்தன. இரு நாடுகள் மகிழ்ச்சியாகக் கைகோத்து உண்டாக்கிய ருசி என்று யாராவது எழுதும்போது எனக்கு நெஞ்சு உறுத்துவது இதனால்தான். அந்தச் சமையலில் அன்பு இருந்தது, ஆட்சியும் இருந்தது, பற்றாக்குறையும் இருந்தது.

1955இல் தாத்தா பா நொய்யோடு புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார். புறப்பட்டபோது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர், 1954 நவம்பர் 1ஆம் தேதியோடு இந்திய நிர்வாகத்துக்கு வந்திருந்தது. பா நொய் எங்கள் குசினியில் தமக்குத் தெரிந்ததைத் தொடர்ந்து செய்தார். அரிசித்தாள் கிடைக்காதபோது, கொதிக்கும் பானையின் வாயில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, ஒரு கரண்டி அரிசிமாவை அதன்மேல் வட்டமாகத் தேய்த்து மூடுவார். நான்கு மூச்சு விடும் நேரத்தில் திறந்து, மூங்கில் சிம்பால் அதை அப்படியே தூக்கி, மொட்டைமாடியில் பாயில் விரிப்பார். பக்கத்து வீட்டு வடாமும் எங்கள் வீட்டு அரிசித்தாளும் ஒரே வெயிலில் காய்ந்தன. அதில் இறாலும் கருங்காளானும் பாசிப்பயற்று மாவுச் சேமியாவும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்தால் சாயோ. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு இன்றும் அது சாயோதான். தென் வியட்நாமியரின் உச்சரிப்பும் ஏறக்குறைய அதுவே. பாரிஸ் பிஸ்த்ரோவின் கரும்பலகையில் அந்தப் பெயரைக் கண்டபோதும், திருநீற்றுப்பச்சிலையின் வாசத்தையொத்த ஒரு தழையோடும் புதினாவோடும் லெட்டூஸ் இலையில் சுற்றி வாயில் வைத்தபோதும் எனக்குக் கண் கலங்கியதை இங்கே எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

ஊர் திரும்பிய சில வாரங்களில், இங்கே புதிதாகத் திறந்திருந்த ஓர் உணவகத்துக்கு, வாசலில் வியட்நாம்–பிரெஞ்சு ஃபியூஷன் என்று எழுதியிருந்ததை நம்பிப் போனேன். பட்டியலில் ‘ஸ்பிரிங் ரோல்’ என்று இருந்தது. மைதாத் தோல், உள்ளே முட்டைக்கோசு, தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ். இதற்குச் சாயோ என்று எங்கள் ஊரிலேயே பெயர் இருக்கிறதே என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. மீன்சாறு ஏன் இல்லை என்றதற்கு, வாடை வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது என்று உள்ளிருந்து பதில் வந்தது. சைவம் உண்பவர்களுக்காக மாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை. வியட்நாமியப் பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் உண்பதில்லை; அந்த நாள்களுக்கென்று அவர்களிடம் சிறந்த சைவச் சமையல் இருக்கிறது. அதைக் கற்றுச் சமைக்கலாமே. எதையும் கற்காமல், எந்தப் பெயரையும் சொல்லாமல், எதை வேண்டுமானாலும் எதனோடும் சேர்ப்பதற்கு ஃபியூஷன் என்ற சொல் அனுமதிச் சீட்டாக ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை. நம் வடகம் பிரெஞ்சு உணவகப் பட்டியல்களில் ‘வடூவான்’ என்ற பெயரில் விற்பதைக் காணும்போது, இதைக் கூட்டிக் காயவைத்த பெண்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கிறோம். அதே கேள்வியைப் பா நொய்யின் ஊர்ப் பெண்களுக்காகவும் கேட்பதுதான் முறை.

ஆகவே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உணவகங்களைப் பற்றி எழுதும்போது பண்டத்தின் சொந்தப் பெயரையும், அது எந்த ஊரிலிருந்து எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியிலாவது கேட்டு எழுதும்படி தங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். அதைவிட அவசரமானது மற்றொன்று. சைகோனிலும் ஹனோயிலும் பிறந்து சிறு வயதில் புதுச்சேரிக்கு வந்தவர்களில் எஞ்சியிருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதாகிறது. அவர்கள் வீட்டுக் குசினிகளில் இன்னும் என்ன சமைக்கிறார்கள், எதற்குப் பதிலாக எதைப் போடப் பழகினார்கள் என்பதைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு வீடாகப் பதிவு செய்ய வேண்டும். உணவகத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.

என்னிடம் பா நொய்யின் சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பண்டங்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில், வியட்நாமிய மொழியில். நாள் கணக்கு பிரெஞ்சில். அளவுகள் மட்டும் ஆழாக்கு, உழக்கு என்று தாத்தாவின் கையெழுத்தில், தமிழில். பதினோராம் பக்கத்தில் வீட் நவ் காம் இருக்கிறது. ஆரஞ்சு கிடைக்காத மாதங்களுக்கு நாரத்தம்பழம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். தாள் உதிரத் தொடங்கிவிட்டதால் அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை. தங்கள் அலுவலகத்துக்கு எந்த நாளில் கொண்டுவரலாம் என்று தெரிவித்தால், படம் எடுத்துக்கொள்ள நானே நேரில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு மொழி ஆசிரியை,
புதுச்சேரி