அப்பாவுக்கு, பழைய எட்டியோஸ் கார் பற்றி

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயை விடாமல் தேய்க்கச் சொல்லுங்கள்.

"வெளிநாட்டுக்குப் போய் பழைய காரா? அதுவும் வீட்டில் ஒன்று இருக்கும்போது?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். விழுப்புரம் டெப்போவில் அத்தனை வருஷம் இன்ஜின் பிரித்தவருக்குப் போனில் சொன்னால் காணாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கல்லூரி வேலை கிடைத்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். அவருக்கு வேலை பிராஸ்பெக்டனில், டொயோட்டா தொழிற்சாலை இருக்கும் பக்கம். நான் போவது மேற்கே, அவர் போவது கடலோரம், அதனால் இருக்கிற ஒரு கார் இருவருக்கும் போதாது. பாப்பாவின் பள்ளிக்கூடம் சாட்ஸ்வர்த்திலேயே இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே வீடு பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தோம், சரிப்படவில்லை. மினிபஸ் டாக்சியில் போகலாம் என்றால் முதலில் டர்பன் நகரத்துக்குள் போய் இறங்கி, அங்கே இன்னொன்றில் ஏறி, அதில் ஆள் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். காலை எட்டு மணி வகுப்புக்கு அது ஆகாது.

நான் போகிற என்3 சாலையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே புரியும். டர்பன் துறைமுகத்தில் இறங்கி ஜோகன்னஸ்பர்க் போகும் சரக்கில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது. இடதுபுறம் முழுக்க நீளநீளமான கன்டெய்னர் லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். நம் ஊர் போலவே இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்தான், அதில் சிரமமில்லை. ஏற்றம்தான் விஷயம். கடலோரப் பகுதியிலிருந்து கிளம்பி 600 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறிப் போக வேண்டும். மாலையில் திரும்பும்போது கீ ரிட்ஜ் என்கிற செங்குத்தான இறக்கம். பிரேக் சூடேறின லாரி பின்னால் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? போதாக்குறைக்குப் பல இடங்களில் சாலையை அகலப்படுத்துகிறார்கள், நடுநடுவே மூடுபனி வேறு. அதனால் விலை மலிவு என்பதற்காக எதையாவது வாங்கிவிட முடியாது. ரேடியேட்டரும் பிரேக்கும் நன்றாக இருக்க வேண்டும், ஏற்றத்தில் திணறாத இன்ஜின் வேண்டும்.

மலிவுக் கார் என்றதும் இங்கே எல்லோரும் இரண்டு பெயர் சொல்வார்கள். ஒன்று சிட்டி கோல்ஃப். வோக்ஸ்வேகனின் முதல் கோல்ஃபையே 1984 முதல் 2009 வரை இந்த நாட்டிலேயே செய்து விற்றார்கள். இன்னொன்று டொயோட்டா டாஸ், 1996 முதல் 2006 வரை வந்தது. இரண்டுக்கும் உதிரி பாகம் தெருத்தெருவாகக் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஆனால் சிட்டி கோல்ஃபில் ஏர்பேக் கிடையாது. ஊருக்குள் ஓட்ட அது போதும். லாரிகளுக்கு நடுவே தினமும் போக எனக்கு மனம் வரவில்லை. டாஸ் நல்ல வண்டிதான், கடைசியாக வந்ததற்கே வயது என்ன ஆகிறது பாருங்கள்.

கடைசியில் வாங்கியது டொயோட்டா எட்டியோஸ். ஆமாம், நம் ஊர் டாக்சிக்காரர்கள் ஓட்டுகிற அதே எட்டியோஸ்தான். பெங்களூர் பக்கம் பிடதியில் செய்து கப்பலில் இங்கே அனுப்பினார்கள். நீங்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் டீசலாக இருக்கும். இது பெட்ரோல், 1.5 லிட்டர். டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஏர்பேக் இரண்டு, சட்டென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உண்டு. 2014 மாடல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. விலை 90,000 ராண்டுக்குச் சற்றுக் குறைவு.

இதற்கு முன் ஒரு விற்பனைக் கூடத்தில் பளபளவென்று ஒன்று நின்றது. கதவோரத்து ரப்பரை விலக்கினால் உள்ளே வேறு நிறம், மேலே புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்றேன். அந்த ஆளுக்கு முகம் மாறிவிட்டது. நான் திரும்பிப் போகவில்லை.

நான் வாங்கியது டர்பனுக்கு வடக்கே வேரூலம் என்ற ஊரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வண்டி. கடலூர் லைன் பஸ்ஸெல்லாம் அடித்தகடு அரித்துப் போகும் என்பீர்களே, டர்பன் கடற்கரையோரத்து வண்டிகளும் அப்படித்தான். இது கொஞ்சம் உள்ளே தள்ளி, கொட்டகையில் நின்ற வண்டி. படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், துரு இல்லை. காலைக் குளிரில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. ஆயிலில் தண்ணீர் கலந்தால் மூடியில் படியுமே, அந்த வெள்ளைப் பிசுக்கும் இல்லை. டயர் நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தன. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போனதைப் பார்த்து அந்த அம்மா சிரித்துவிட்டார். அவருடைய முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களாம். தமிழ் பேச வராது, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத் தேவாரம் பாடுகிறார். கார் சாவியோடு ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தார்.

பேப்பர் வேலை பெரிதாக இல்லை. வண்டி கைமாறும்போது அது சாலையில் ஓடத் தகுதியானது என்று சோதனை நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். நம்மைப் போல வெளிநாட்டவருக்குப் போக்குவரத்துப் பதிவு எண் என்று ஒன்று தனியாகத் தருகிறார்கள், அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. இன்ஷூரன்ஸ் இங்கே கட்டாயமில்லை என்றால் நம்புவீர்களா? விபத்தில் காயப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பெட்ரோல் விலையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் நாங்கள் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டோம்.

செலவுக் கணக்கு இது: போக வர 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் பத்து லிட்டர், ஒரு நாளைக்குச் சுமார் 200 ராண்ட். மேரியன்ஹில் சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. ஆக, வண்டிக்குக் கொடுத்த பணத்தை ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் பெட்ரோலே தின்றுவிடும். புதுக் கார் வாங்கினாலும் இந்தச் செலவு குறையப் போவதில்லை, மாதத் தவணைதான் கூடும். அந்தத் தவணைப் பணத்தில் டயரும் பிரேக் பேடும் மாற்றிக்கொள்வேன். பெட்ரோல் விலையை மாதத்தின் முதல் புதன்கிழமை மாற்றுவார்கள், ஏறப்போகிறது என்றால் செவ்வாய் இரவே பங்கில் வரிசை நிற்கும். இங்கே பங்க் பையன்கள் ஆயில், தண்ணீரெல்லாம் பார்த்துக் கண்ணாடியும் துடைத்துவிடுகிறார்கள், கையில் ஐந்து ராண்ட் கொடுத்தால் போதும்.

சரி, உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடதுபுறம் 'டொக்'கென்று ஒரு சத்தம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போய்விட்டது என்று இங்கே மெக்கானிக் சொல்கிறார், ஆர்மையே முழுசாக மாற்ற வேண்டுமாம். எனக்கென்னவோ பக்கத்திலிருக்கும் சின்னப் பாகமான ஸ்டெபிலைசர் லிங்க் மேல்தான் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சத்தத்தைக் கேட்க வைக்கிறேன். அதுவரைக்கும் மெக்கானிக்கிடம் பணம் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்