நேரத்தைக் குறித்து வைத்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்பும் மதிப்பும் உள்ள நண்பர்களுக்கு,

சிறார் தடுப்பு இல்லங்களில் அடைபட்டிருக்கும் பிள்ளைகளின் உரிமைகளுக்காக இந்த ஆண்டு எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும் இந்த மடல். பொதுவாக நன்றி என்று சொல்லி முடித்துவிட்டால் நீங்கள் செய்த வேலை வெளியே தெரியாமல் போகும். நாளை இந்தப் பணிக்கு வருகிறவருக்கும் அது உதவாது. அதனால் யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்பதை விரிவாகவே எழுதுகிறோம்.

இந்தத் துறையில் விதிகளுக்குக் குறைவில்லை. 1989இல் வந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 37ஆம் பிரிவு, சிறாரைக் காவலில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது, இயன்ற அளவு குறுகிய காலத்துக்கு மட்டுமே என்கிறது. 1990 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட ஹவானா விதிகள், இல்லத்தின் உள்ளே உடை, உறக்கம், மருத்துவம், கடிதம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்கின்றன. ஆனாலும் 2019இல் வெளியான ஐ.நா. உலகளாவிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் குறைந்தது 4,10,000 சிறார் விசாரணைக் காவலிலும் சிறைகளிலும் வைக்கப்படுகிறார்கள். விதி இருந்தும் முறையீடு தோற்பதற்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணம் ஒன்றே: இன்ன நாளில், இத்தனை மணிக்கு, இன்னது நடந்தது என்று காட்டும் தாள் யாரிடமும் இருப்பதில்லை. அந்தத் தாளை உண்டாக்கியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, சேர்க்கை நாளன்றே வந்து பிள்ளைகளைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். இல்லத்துக்குள் வந்தவுடனே மருத்துவர் பார்க்க வேண்டும் என்று ஹவானா 50ஆம் விதி சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஏற்கெனவே அடிபட்டிருந்தால் அது பதிவாக வேண்டும். சிகிச்சை தேவைப்படும் நோய் கண்டறியப்பட வேண்டும். “உடல்நலம் நன்று” என்ற ஒற்றை வரியோடு முடியும் சேர்க்கைத் தாள் இரண்டுக்கும் உதவாது. நீங்கள் ஒவ்வொரு காயத்துக்கும் மூன்று படம் எடுத்தீர்கள்: உடலில் எந்த இடம் என்று தெரியத் தள்ளி நின்று ஒன்று, கிட்ட ஒன்று, அளவுகோல் வைத்து நேர்செங்குத்தாக ஒன்று. சாய்வாக எடுத்த படத்தில் நீள அகலம் தப்பாகிவிடும். அதை வைத்து வாதாட முடியாது. கன்றிய தோலின் நிறத்தைப் பார்த்து “இத்தனை நாள் பழையது” என்று எழுதச் சொல்லி நெருக்கியபோது மறுத்தீர்கள். நிறத்தை வைத்துக் காயத்தின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதே மருத்துவ உண்மை. அப்படி எழுதிய ஒரு வரி குறுக்கு விசாரணையில் உடைந்தால் அறிக்கை முழுவதும் சேர்ந்து உடையும். மாறாக, சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. கையேடான இஸ்தான்புல் நெறிமுறை சொல்லும் படிநிலையில், பிள்ளை சொன்னதோடு காயம் ஒத்துப்போகிறதா, மிகவும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் எழுதினீர்கள். காவலர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றால்தான் பரிசோதனை என்று உறுதியாக இருந்ததற்கும் நன்றி.

வீட்டில் சாப்பிட்டுவந்த மருந்துகள் பற்றியும் ஒரு வார்த்தை. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு திரும்பும். இன்சுலின் தவறினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அலுவலக அலமாரிக்குள் பூட்டியிருந்தால் இரவில் சாவியைத் தேடுவதற்குள் மூச்சு முட்டிவிடும். “மருந்து கொண்டுவரவில்லை” என்ற குறிப்போடு நிறுத்தாமல், குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்து மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம் மூன்றையும் எழுதிய செவிலியர்களை மறக்க மாட்டோம்.

அடுத்து, பெயரைச் சொல்ல முடியாதவர்களுக்கு. இல்லங்களுக்குள்ளேயே வேலை செய்துகொண்டு, உள்ளதை உள்ளபடி பதிவேட்டில் எழுதிய பணியாளர்களே, உங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. தனிமையில் அடைப்பது என்ற பெயரில் எங்கும் தனிமை அடைப்பு நடப்பதில்லை. “அமைதி நேரம்”, “சிந்திக்கும் அறை”, “பாதுகாப்பு ஏற்பாடு”, “மருத்துவக் கண்காணிப்பு” என்று அதற்குப் பல பெயர்கள். பெயரை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள் என்று நாங்கள் கேட்டோம். கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் 2015இல் தந்த வரையறை தெளிவானது: பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்துவைத்தால் அது தனிமைச் சிறை. சிறாருக்கு அந்த வரையறையை எட்டும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இருட்டறை, தனி அடைப்பு, உணவைக் குறைப்பது, குடும்பத் தொடர்பை வெட்டுவது எல்லாவற்றையும் ஹவானா 67ஆம் விதி தடுக்கிறது.

இந்தத் தடை ஏன் இவ்வளவு கடுமையானது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கச் சிறார் இல்லங்களில் 1995 முதல் 1999 வரை நிகழ்ந்த தற்கொலைகளை ஆராய்ந்த தேசிய ஆய்வில், இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த நேரத்தில் அறைக்குள் தனியே அடைக்கப்பட்டிருந்தவர்கள். பிள்ளையின் பாதுகாப்புக்காகவே அடைத்தோம் என்று சொல்லப்படும்போதெல்லாம் இதை நினைவூட்டுகிறோம்.

கதவு மூடிய நேரம், திறந்த நேரம், இடையில் யார் வந்து பேசினார், எத்தனை நிமிடம் பேசினார் என்ற நான்கு கட்டங்களையும் நீங்கள் நிரப்பினீர்கள். உங்களால்தான் மற்றத் தாள்களிலிருந்த பொய்யும் பிடிபட்டது. 10.00, 10.15, 10.30 என்று இரவு முழுவதும் பிசகாமல் ஓடும் கண்காணிப்புத் தாள், பெரும்பாலும் விடியற்காலையில் ஒரே மூச்சில் எழுதியது. உண்மையில் நடந்து போய்ப் பார்த்தவரின் தாளில் 10.04, 10.17, 10.35 என்று நேரம் முன்பின்னாகவே இருக்கும். மையின் நிறம், கையெழுத்தின் சாய்வு இவற்றைக் காட்டிலும் நம்பகமான சோதனை, அந்தத் தாளைப் பணி அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. விடுப்பில் இருந்தவரின் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த ஒப்பீட்டைப் பொறுமையாகச் செய்த தன்னார்வலர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

குடும்பத்தாருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வாரம் ஒரு முறை சந்திப்பு, எப்படிப் பார்த்தாலும் மாதம் ஒரு முறைக்குக் குறையாமல். கடிதமோ தொலைபேசியோ வாரம் குறைந்தது இரு முறை. இவை ஹவானா 60, 61ஆம் விதிகள். வாயிலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வராத நாளாகவே கணக்கில் நிற்கும். தாய்மார்களும் தாத்தா பாட்டிகளும் ஒரு சிறு குறிப்பேட்டில் வந்து சேர்ந்த நேரம், உள்ளே விட்ட நேரம் அல்லது திருப்பிய நேரம், சொன்ன காரணம், சொன்னவரின் பதவி என்று எழுதி வைத்தீர்கள். “குடும்பம் அக்கறை காட்டவில்லை” என்ற வரி பிணை மனுவை எதிர்த்து முன்வைக்கப்பட்டபோது, அந்தக் குறிப்பேடுதான் பேசியது.

வழக்கறிஞர்களே, சிறாருக்கான நீதி குறித்து ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2019இல் வெளியிட்ட 24ஆம் பொதுக் கருத்துரையின் கால வரம்புகளை நீங்கள் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் எழுதி ஒட்டியது நல்ல வழக்கம்: 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரியின் முன் நிறுத்த வேண்டும், 30 நாளுக்குள் முறைப்படி குற்றம் சாட்ட வேண்டும், 6 மாதத்துக்குள் இறுதித் தீர்ப்பு வர வேண்டும். பிணை மறுக்கப்படுவது குற்றத்தின் தன்மையால் என்று பலரும் நினைக்கிறார்கள். போவதற்கு ஒரு முகவரி இல்லை என்பதே பல நேரங்களில் உண்மையான தடை. அதனால் மனுவோடு ஒரே பக்கத்தில் திட்டம் ஒன்றையும் இணைத்தீர்கள். எந்த வீடு, பொறுப்பேற்கும் பெரியவர் யார், எந்தப் பள்ளி, அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண் எது என்பதே அதில் இருந்தது. வயது பற்றிய சர்ச்சையில் எலும்பு எக்ஸ்ரேயை மட்டும் நம்ப விடாமல், பிறப்புப் பதிவையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவையும் முதலில் தேடினீர்கள். எக்ஸ்ரே முடிவு இரண்டு ஆண்டு வரை முன்பின் போகலாம். 16 வயதுப் பிள்ளையை 18 என்று காட்டிப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்ப அதுவே போதும். ஐயம் எழுந்தால் அதன் பயன் பிள்ளைக்கே என்ற விதியைச் சளைக்காமல் எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

உள்ளே சென்று பிள்ளைகளோடு பேசிய பார்வையாளர்கள் கடைப்பிடித்த ஒரு முறையை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறோம். முறையிட்ட பிள்ளையை மட்டும் அழைத்துப் பேசினால், அன்று மாலையே யார் சொன்னது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வருகைப் பட்டியலில் ஐந்தில் ஒருவர் என்று எண்ணி எடுத்து, அந்தப் பிள்ளையையும் அதனுள் சேர்த்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஏறக்குறைய ஒரே நேர அளவில் கேட்டீர்கள். முறையீட்டுக்குப் பிறகு சந்திப்பு ரத்தாவதும், அறை மாற்றமும், நன்னடத்தை மதிப்பெண் குறைவதும் பழிவாங்கலின் வழக்கமான வடிவங்கள் என்பதால், சில வாரம் கழித்து மீண்டும் போனீர்கள். புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் பார்த்தீர்கள். கேமராவுக்கு நேர் கீழே தொங்கும் பெட்டியில், அல்லது புகாருக்கு ஆளானவரிடமே சாவி இருக்கும் பெட்டியில், யார் தாளைப் போடுவார்? தணிக்கை இல்லாமல் வெளியே முறையிடவும், தாமதமின்றிப் பதில் பெறவும் ஹவானா 76ஆம் விதி உரிமை தருகிறது. இரட்டைப் பிரதி, வரிசை எண், எழுதத் தெரியாத பிள்ளைக்கு எழுதிக்கொடுக்க வெளியாள் ஒருவர். இந்த மூன்றும் இல்லாமல் அந்த உரிமை நடைமுறைக்கு வராது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி. மற்றொரு பிள்ளையை வைத்து மொழிபெயர்த்தால் ரகசியமும் போகும், பொருளும் மாறும் என்பதை நீங்கள்தான் புரியவைத்தீர்கள்.

ஆசிரியர்களுக்கு. சான்றிதழில் இல்லத்தின் பெயர் தெரியவே கூடாது என்பது ஹவானா 40ஆம் விதி. முகவரிக் கட்டத்தில், முத்திரையில், தேர்வு மையக் குறியீட்டில் என்று அந்தப் பெயர் எப்படியாவது நுழைந்துவிடும். மூன்றையும் சரிபார்த்து வெளிப்பள்ளியின் பெயரிலேயே சான்றிதழ் வாங்கித் தந்தீர்கள். பழைய பள்ளியிலிருந்து பாடப் பதிவுகளைச் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வாங்கியதால், பிள்ளைகள் ஏற்கெனவே படித்து முடித்ததைத் திரும்பப் படிக்க நேரவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் அணையாடை கேட்காமலே, இலவசமாக, அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று போராடியவர்களுக்கும் நன்றி. ஒவ்வொன்றாக ஆண் காவலரிடம் கேட்டு வாங்கும் நிலை அவமானம். பெண் கைதிகளுக்கான ஐ.நா.வின் 2010ஆம் ஆண்டு பாங்காக் விதிகள் இதைச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியும் இன்னும் கேட்டுப் பெற வேண்டியிருப்பது எங்களுக்குக் கோபத்தைத் தருகிறது.

செய்தியாளர்களே, பெயரை மறைத்தால் போதும் என்று நீங்கள் நின்றுவிடவில்லை. வயது, ஊர், குற்றச்சாட்டு மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முகத்தை மங்கலாக்கி, குரலையும் கையில் குத்திய பச்சையையும் அப்படியே விட்ட காணொளிகளைத் திருத்தச் சொன்னபோது, வெளியீட்டைத் தள்ளிவைத்தே திருத்தினீர்கள்.

விடுதலையாகி வந்து எங்களுக்கு வழிகாட்டிய இளையோருக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரியது. எங்கள் படிவத்தை மாற்றியவர்கள் நீங்கள். “உன்னை யாராவது துன்புறுத்தினார்களா?” என்ற கேள்விக்கு உள்ளே இருப்பவர் “இல்லை” என்றுதான் சொல்வார் என்றீர்கள். நேற்று கதவு எத்தனை மணிக்கு மூடியது, கடைசியாக வீட்டுக்கு எப்போது பேசினாய், இரவில் கழிப்பறைக்குப் போக யாரை அழைப்பாய், அவர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கச் சொன்னீர்கள். இப்போது படிவத்தின் முதல் பக்கமே அந்தக் கேள்விகள்தாம். நீங்கள் சொன்ன எதையும், எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமலே திரும்பப் பெறலாம். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். நகல் வைத்திருக்கும் எல்லோரிடமிருந்தும் அதை நீக்கச் செய்வது எங்கள் பொறுப்பு.

படிவங்களை வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: பெயர்ப் பட்டியலையும் குறிப்புகளையும் ஒரே கோப்பில் வைக்காதீர்கள். குறிப்புகளில் எண் மட்டும் இருக்கட்டும்; எண்ணுக்குரிய பெயர் வேறிடத்தில், பூட்டிய நிலையில் இருக்கட்டும். அடுத்த சுற்றுப் பார்வைக்கான திருத்திய படிவம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரும்.

நன்றியுடன்,
தடுப்பில் உள்ள இளையோரின் உரிமைகளுக்காக உங்களோடு பணியாற்றுவோர்