உள்ளங்கையில் பருப்பு கடைந்த செவ்வாய்க்கிழமை

ஸ்கார்பரோ, டொரொண்டோ
6-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புது எண்ணெய் தேய்த்ததில் குறைந்திருக்கிறது என்று மாமா சொன்னார். நீ சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். "இன்னும் பேச்சே வராத குழந்தையை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்கிறாய்?" நான் வாயெடுப்பதற்குள் பாப்பா அழுதாள், அங்கே மின்சாரம் போனது, பேச்சு அறுந்துவிட்டது. பதினெட்டு வருடமாக ஊர்ப்புற நூலகத்தைத் திறந்து மூடுகிறவள் நீ. உன் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனமில்லை. பாப்பா தூங்குகிறாள், பெரியவன் அப்பாவோடு வெளியே போயிருக்கிறான். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

பாப்பா பிறந்தது போன வருடம் ஜனவரியில். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. இவர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார், பெரியவன் பள்ளிக்குப் போய்விடுவான். ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. நாள் முழுக்க மனிதக் குரலே கேட்காது. கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார், அவர்தான் ஏப்ரலில் என்னை வலுக்கட்டாயமாக நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். இந்த ஊர்ப் பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். எங்கள் கிளை பஸ்ஸில் நான்கு நிறுத்தம்.

முகவரிச் சான்றாக ஒரு காகிதத்தைக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் எனக்கு உறுப்பினர் அட்டை வந்தது. பிறகு நூலகர், "குழந்தைக்கும் போடலாமா?" என்று கேட்டார். மூன்று மாதக் குழந்தைக்கு அக்கா! நம் ஊரில் அப்பா பிணைக் கையெழுத்துப் போட்டு எனக்கு அட்டை வாங்கித் தந்தபோது நான் ஆறாம் வகுப்பு. இங்கே வைப்புத்தொகை கிடையாது. ஓர் அட்டைக்கு ஐம்பது புத்தகம் வரை எடுக்கலாம், மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் தாமதக் கட்டணத்தை 2021-இலும் எல்லோருக்கும் 2022-இலும் எடுத்துவிட்டார்கள். அபராதத்துக்குப் பயந்து ஏழைப் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் காரணம். நீ எத்தனை பிள்ளைகளின் அபராதத்தை உன் கைக்காசில் கட்டியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கேட்டவுடன் உன் நினைவு வந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் கைக்குழந்தைகளுக்கான கதை நேரம். பிறந்த குழந்தை முதல் ஒன்றரை வயது வரை ஒரு கூட்டம், அடுத்து மூன்று வயதுக்குள் ஒரு கூட்டம், மூன்றிலிருந்து ஐந்து வரை இன்னொன்று. அரை மணி நேரம்தான். அம்மாக்களும் பாட்டிகளும் சில அப்பாக்களும் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்வோம். நூலகரும் தரையில்தான் உட்காருவார். ஒவ்வொரு வாரமும் அதே பாட்டில் தொடங்குகிறார், அதே பாட்டில் முடிக்கிறார். தொடக்கப் பாட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வரும். மூன்றாவது வாரம் தன் பெயர் வந்ததும் பாப்பா சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தலைத்திருப்பலை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

அரை மணி நேரத்தில் படிப்பது ஒரு புத்தகம், மிஞ்சினால் இரண்டு. மற்றதெல்லாம் பாட்டு, கைதட்டல், கிலுகிலுப்பை, முகத்தை மூடித் திறக்க மெல்லிய துணி, முழங்காலில் உட்காரவைத்துக் குதிரை ஓட்டுவது. எனக்கு முதலில் ஏமாற்றம்தான். புத்தகம் எங்கே, எழுத்து எங்கே என்று தேடினேன். பிறகு நூலகரே எங்களுக்குச் சொன்னார். பேசுவது, பாடுவது, படிப்பது, எழுதுவது, விளையாடுவது, இந்த ஐந்தும் சேர்ந்துதான் பின்னால் வாசிப்பாகிறதாம். பாடும்போது சொல் நிதானப்படுகிறது, யாப்பில் நாம் பிரிப்பதைப் போல அசை அசையாகக் குழந்தையின் காதில் விழுகிறது. ஒரு சொல்லுக்குள் சின்னச் சின்ன ஒலிகள் இருக்கின்றன என்பது காதுக்குப் பழகியிருந்தால்தான், பின்னால் அந்த ஒலிக்கு ஓர் எழுத்து உண்டு என்றதும் குழந்தை பிடித்துக்கொள்ளும். தாளில் கிறுக்குவதும், கீழே சிந்திய மாவில் விரலால் கோடு போடுவதும் எழுத்துக்கான கைப்பழக்கம்தான். கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டே அதைத் திருப்பத் தெரிந்துகொள்வதும் ஒரு படிதான். பாப்பா கடித்துப் பல் பதிந்த ஒரு புத்தகத்தை நடுங்கிக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். நூலகர் சிரித்துவிட்டு, அதற்காகத்தான் இவ்வளவு கெட்டியாகச் செய்கிறார்கள் என்றார்.

உன் நூலகத்துக்கு வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி நீ அடிக்கடி வருத்தப்படுவாயே, எழுத்துக்கூட்டி ஒரு பக்கத்தை முடித்துவிடுகிறார்கள், என்ன கதை என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்று. எனக்கு இப்போது தோன்றுகிறது, அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்தது எழுத்தல்ல. காதில் விழுந்த சொல் போதவில்லை. காதில் ஒருமுறைகூட விழாத சொல்லை எழுத்துக்கூட்டி என்ன பயன்?

இதை எனக்கு உறைக்கவைத்தது வேறொரு நிகழ்ச்சி. இங்கே வந்த புதிதில் தெரிந்தவர் ஒருவர், குழந்தையிடம் பிறந்த நாளிலிருந்தே ஆங்கிலத்தில் பேசு, இல்லாவிட்டால் பள்ளியில் பின்தங்கிவிடும் என்று அழுத்திச் சொல்லிவிட்டார். நானும் பயந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பசிக்கிறதா, பால் வேண்டுமா, இதற்கு மேல் எனக்குச் சொல் வராது. கொஞ்சத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை நூலகர் இதைக் கவனித்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். உங்கள் அம்மா உங்களுக்கு என்ன விளையாட்டுக் காட்டினார் என்று கேட்டார். நான் யோசிக்காமல் பாப்பாவின் கையை விரித்து, உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்தேன். விரல் விரலாக மடக்கிச் சோறு ஊட்டினேன். பிறகு கை கழுவி, நண்டை மணிக்கட்டிலிருந்து ஊரவிட்டு அக்குளில் கொண்டுபோய் விட்டேன். பாப்பா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. நூலகர் சொன்னார், எந்த மொழியில் உங்களுக்குச் சொல் தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள், ஒரு மொழியில் நிறையச் சொல் சேர்ந்த குழந்தைக்கு இரண்டாவது மொழி தானே வரும், ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வரை பாப்பாவிடம் தமிழில் பேசிக்கொண்டே வந்தேன். மரம், பனி, சிவப்பு விளக்கு, பாட்டி, பெரியம்மா, நம் வீட்டுக் கொல்லைப்புறத்து முருங்கை, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவே தோன்றவில்லை.

இங்கே நூலகம் பருவத்தோடு நடக்கிறது. குளிர்காலம், வசந்தம், இலையுதிர்காலம் என்று கதை நேரத்தையே பருவம் பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் பூசணிக்காயும் மாறுவேடமும், பெரியவன் புலி வேடம் போட்டுக்கொண்டு போய்க் கதை கேட்டான். ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் 2014-இலும் கனடா நாடாளுமன்றத்தில் 2016-இலும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச்சில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த ஒரு வாரமும் நூலகத்தில் நிற்க இடமிருக்காது. காகிதக் கைவேலை, சதுரங்கம், அறிவியல் சோதனை எல்லாம் உண்டு. சிலவற்றுக்கு முதலில் வருகிறவர்களுக்குத்தான் இடம் என்பதால், இந்த முறை பெரியவன் ஒருநாள் இடம் கிடைக்காமல் அழுதுகொண்டே திரும்பினான்.

எனக்கு மிகவும் பிடித்தது கோடைகால வாசிப்பு மன்றம். ஜூன் கடைசியில் பள்ளி மூடினால் செப்டம்பரில்தான் திறக்கும். இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாவிட்டால் படித்தது கையைவிட்டுப் போய்விடும், வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடுதல் இழப்பு. அதனால் கனடா முழுவதும் நூலகங்கள் சேர்ந்து இதை இலவசமாக நடத்துகின்றன. பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு கொடுக்கிறார்கள். படித்த புத்தகங்களை அதில் எழுதிக்கொண்டு போனால் ஒட்டுப்படம் தருவார்கள். தமிழ்ப் புத்தகம் கணக்கில் வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். எந்த மொழியானாலும் படித்தது படித்ததுதான் என்றார்கள். போன கோடையில் பெரியவன் முப்பத்து நான்கு படித்தான், அதில் ஒன்பது தமிழ். முக்கியம் எண்ணிக்கை அல்ல. ஒட்டுப்படம் வாங்கப் போகும்போது, எந்தப் புத்தகம் பிடித்தது, ஏன் என்று மேசையில் இருப்பவர் கேட்பார். பின்னால் வரிசை நின்றாலும் இவன் கதையை முழுக்கக் கேட்பார். ஒரு பெரியவர் தன் பேச்சை இப்படிக் கேட்பார் என்பதற்காகவே அவன் அடுத்த புத்தகத்தை எடுத்தான்.

ஒரு சனிக்கிழமை இவரையும் இழுத்துக்கொண்டு நகரத்துக்குள் காலேஜ் தெருவில் இருக்கும் லிலியன் ஸ்மித் கிளைக்குப் போனேன். வாசலின் இருபக்கமும் வெண்கலத்தில் ஒரு சிறகுள்ள சிங்கமும் கழுகுத் தலை கொண்ட ஒரு விலங்கும் காவல் இருக்கின்றன. பெரியவன் அவற்றின் காலடியை விட்டு நகரவில்லை. லிலியன் ஸ்மித் 1912-இல் இந்த நகர நூலகத்தில் சேர்ந்தவர், பிரிட்டிஷ் பேரரசிலேயே குழந்தைகள் நூலகத்துக்கென்று பயிற்சி பெற்ற முதல் நூலகர். 1922-இல் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு தனி நூலகக் கட்டடத்தைத் திறக்கவைத்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த நூலகர் ஆஸ்போர்ன் என்பவர் அந்தக் குழந்தைகள் நூலகத்தைப் பார்த்து மகிழ்ந்து, தான் சேர்த்த பழைய குழந்தைப் புத்தகங்கள் ஏறக்குறைய இரண்டாயிரத்தை 1949-இல் இந்த நகரத்துக்கே கொடுத்துவிட்டார். இப்போதும் அந்தக் கிளையில்தான் இருக்கின்றன.

அங்கே நின்றபோது எனக்கு மன்னார்குடிப் பக்கத்து நம் மேலவாசல் நினைவுதான். 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார் அல்லவா. இந்திய நூலகவியலின் தந்தை என்கிறார்களே, நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன், அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியதும் அதே ஆண்டில். ஒவ்வொரு வாசகருக்கும் அவரது நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று உன் மேசைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறாயே. மடியில் இருக்கும் குழந்தையையும் ஒரு வாசகராக எண்ணினால் என்ன, அக்கா?

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒரே அறை, ஓடு ஒழுகும், திறப்பதும் பெருக்குவதும் பதிவேடு எழுதுவதும் நீ ஒருத்தி. ஆனாலும் அடுத்த மாதம் கோடை விடுமுறை. பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், வயல் வேலை முடிந்து அம்மாக்கள் திரும்பிய பிறகு, சாயங்காலம் அரை மணி நேரம் பாய் விரித்து உட்காரவைத்துப் பார். "அமைதி காக்கவும்" பலகையை அந்த அரை மணி நேரம் திருப்பி வைத்துவிடு. செலவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளைக் கட்டாயம் கூப்பிடு. தாலாட்டும் விடுகதையும் அவர்களிடம்தான் இருக்கின்றன, அந்த அரை மணி நேரத்துக்கு ஆசிரியர்கள் அவர்கள்தான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மறுவாரமும் வந்தார்கள் என்று எனக்கு எழுது.

இங்கே ஒரு குறையும் உண்டு. ஸ்கார்பரோவின் பல கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, ஓர் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழில் கதைகூடக் கேட்கலாம். ஆனால் குழந்தைகள் அலமாரியில் பல புத்தகங்கள் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தும் அறிவுரையுமாக இருக்கின்றன. பெரியவன் இரண்டு பக்கத்தில் மூடிவிடுகிறான். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம், அப்படித் தமிழில் வந்திருப்பவை புத்தகக் காட்சியில் கிடைத்தால் வாங்கி வை. சித்தப்பா மகன் ஜூனில் வரும்போது கொடுத்தனுப்பலாம்.

இப்போது அவசரமான வேலை ஒன்று. வரும் 15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கதை நேரத்தில் அந்தப் பருப்பு கடையும் விளையாட்டை எல்லா அம்மாக்களுக்கும் நான் காட்ட வேண்டுமாம், நூலகர் கேட்டுக்கொண்டார். சீனத்து அம்மா, சோமாலியா அம்மா, ஆப்கானிஸ்தான் பாட்டி எல்லோரும் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். கட்டைவிரல் அப்பாவுக்கு, ஆள்காட்டி விரல் அம்மாவுக்கு, நடுவிரல் அண்ணனுக்கு, சுண்டுவிரல் பாப்பாவுக்கு. மோதிரவிரல் யாருக்கு என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. அம்மா உனக்கு என்று சொன்னாளா, தாத்தாவுக்கு என்று சொன்னாளா? அம்மாவிடம் கேள். அவள் சொல்லும்போது அப்படியே போனில் பதிவு செய்து அனுப்பு. முதலில் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புத் தங்கை