துக்கத்துக்குப் போகிறவர் கையில் டிக்கெட் வேலையைக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாவுக்கு எப்படித் தயாராவது என்று பயணப் பக்கங்களில் நிறையவே வருகிறது. சாவுச் செய்தி கேட்டுப் போட்டது போட்டபடி கிளம்புகிறவர்களுக்கு யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறைக்காகவே இந்தக் கடிதம்.

இந்தப் பயணத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை வழியில் உண்டாவதில்லை. செய்தி வந்த கையோடு, அழுதுகொண்டே போனில் டிக்கெட் போடும்போதே உண்டாகிவிடுகின்றன. டிக்கெட் எடுப்பதும் வண்டி ஓட்டுவதும் உறவைப் பறிகொடுத்தவரின் வேலையாக இருக்கக் கூடாது. நிதானமாக இருக்கும் நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ உட்கார்ந்து செய்யட்டும்.

அவர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதை. வீட்டுக்கே போக வேண்டுமா, நேரே இடுகாட்டுக்கா என்பதைப் பொறுத்து மொத்தக் கணக்கும் மாறும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றைய கடைசி விமானத்தை நம்பக் கூடாது. அது ரத்தானால் அடுத்தது மறுநாள்தான். காலை முதல் விமானமே நல்லது. முந்தைய பயணங்களின் தாமதம் அதன் தலையில் ஏறியிருக்காது.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 15-ஆம் தேதி 00.30 மணி என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால், அந்த விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பல நாடுகள் 6 மாதமாவது மீதமிருக்க வேண்டும் என்கின்றன.

இரண்டு விமானம் மாறிப் போவதானால் இரண்டும் ஒரே முன்பதிவில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டவரை அந்த நிறுவனம் ‘வராதவர்’ என்றே கணக்கில் வைக்கும், மாற்று இடம் தர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இன்னொன்றும் உண்டு. போகும் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் போய்ச் சேர்ந்தவர்களின் திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் தானாக ரத்தாகிவிடும். விமானம் புறப்படும் முன்பே நிறுவனத்தை அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.

சில விமான நிறுவனங்கள் துக்கப் பயணத்துக்குச் சலுகைக் கட்டணம் தருகின்றன. பெரும்பாலும் போனில், பயணத்துக்கு முன்பே கேட்டால்தான் கிடைக்கும். இறந்தவர் பெயர், உறவுமுறை, சடங்கு நடக்கும் இடத்தின் விவரம் கேட்பார்கள். கனடாவில் ஒரு நிறுவனத்தின் உரையாடல் மென்பொருள், பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட, 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் பயணிக்கு இழப்பீடு கொடுக்க வைத்தது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு வழக்கு நடத்தத் தெம்பு ஏது? முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பதே வழி.

சடங்குக்கான உடை, மருந்து, ஆவணங்கள், சார்ஜர் எல்லாம் கைப்பையில் போகட்டும். பெட்டியை ஒப்படைத்தே ஆக வேண்டுமென்றால், அதில் தொங்கும் பழைய பட்டைகளையும் சின்னச் சின்ன பார்கோடு ஒட்டிகளையும் கிழித்துவிடுங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்துவிட்டால் பெட்டி வேறு திசைக்குப் போகும். உங்களிடம் தரும் துண்டுச் சீட்டில் 10 இலக்க எண் இருக்கும், அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரவில்லையா, அழைத்துப் போக வெளியே யார் காத்திருந்தாலும் புகாரைப் பதியாமல் விமான நிலையத்தில் பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வரக் கூடாது. சர்வதேசப் பயணத்தில், 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டி வராமல் அவசரத்துக்கு வாங்கிய துணியின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

காரில் போகிறவர்களுக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் கவனத்தைப் போல மங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவெல்லாம் அழுதவர் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. கிளம்பும் முன் நான்கு டயரோடு ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். ஆள் நிறைய ஏறினால் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும், பல கார்களில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய அட்டவணையில் அளவு இருக்கும். ஸ்டெப்னி டிக்கியின் அடியில் இருக்கிறது, அதன் மேல் எல்லோருடைய பெட்டியும். ஜாக்கியையும் ஸ்பானரையுமாவது மேலே எடுத்து வையுங்கள். பஞ்சரானால், ஜாக்கி போட்டுத் தூக்கும் முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக, காத்திருக்கும் வீட்டாரைப் பற்றி. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நம்பி அங்கே மொத்தக் கூட்டமும் நிற்கும். எங்கே நிற்கிறீர்கள், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு, உண்மையில் எப்போது வந்து சேருவீர்கள் என்ற மூன்றையும், அங்கே பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். இத்தனை மணிக்குள் வராவிட்டால் எடுத்துவிடலாம் என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை வழியில் சிக்கியிருப்பவரே சொல்லிவிட்டால், அவருக்காகக் காத்திருக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வு வீட்டில் யாருக்கும் மிஞ்சாது.

இப்படிக்கு,
பயண முன்பதிவுத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்